சம்பளமில்லாத இதழாசிரியர்களுக்கு: நூலகத் தொழில்நுட்பத்துக்கென ஒரு திறந்த அணுகல் இதழைத் தொடங்கி நடத்தும் முறை

ஒரு கல்லூரி நூலகத்தின் பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்கு மாற்றி முடித்தவர், அதில் தாம் பட்ட பாட்டையும் கண்டுபிடித்த வழிகளையும் எழுத உட்கார்ந்தால், எழுதியதை எங்கே அனுப்புவது என்ற கேள்வி உடனே எழுகிறது. ஆய்விதழ்கள் கோட்பாட்டையும் முன்னாய்வுகளின் தொகுப்பையும் எதிர்பார்க்கின்றன. அனுப்பிய கட்டுரை வெளிவருவதற்குள் அவர் விவரித்த மென்பொருள் பதிப்பே வழக்கொழிந்து போயிருக்கும். தம் சொந்த இணையப் பக்கத்தில் போட்டு வைத்தாலோ, அதைத் திருத்திக் கொடுக்க இன்னொரு கண் இல்லை. நான்கு ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு அது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இந்த இடைவெளியில்தான் கோட்4லிப் ஜர்னல் 2007 டிசம்பரில் தன் முதல் இதழை வெளியிட்டது. நூலகங்களில் நிரல் எழுதுவோர் 2003 முதல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்து, 2006-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள கொர்வாலிஸ் நகரில் முதல் மாநாட்டையும் நடத்திய பிறகு, அந்தப் பேச்சு எழுத்தாக நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த இதழ் அது. படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் அது காசு வாங்குவதில்லை. அதன் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் இல்லை.

அந்த இதழின் அமைப்பை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, இத்தகைய ஓர் இதழைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடக்கும் ஒன்றில் ஆசிரியராகச் சேர நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் வரும் யோசனைகள் எல்லாம் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை. அலுவலகம் முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதரை மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் ஒருவரால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொரு நடைமுறையையும் வகுக்க வேண்டும். தன்னார்வ இதழ்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கட்டுரைப் பஞ்சம் காரணம் இல்லை, ஆசிரியர்களின் களைப்பே காரணம்.

எதை வெளியிட மாட்டோம்

தொடக்கக் கூட்டத்தில் எல்லோரும் இதழின் பெயரையும் முகப்பையும் பற்றிப் பேச ஆசைப்படுவார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கத்தில் இதழின் எல்லையை எழுதி முடித்துவிடுங்கள். நூலகமும் தொழில்நுட்பமும் சந்திக்கும் இடம் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே எதை வெளியிட மாட்டோம் என்பதை எழுதுவதே பயனுள்ளது. விற்பனையாளர் தம் பொருளைப் புகழும் கட்டுரை, செய்து பார்க்காமல் செய்யலாம் என்று மட்டும் சொல்லும் கட்டுரை, மாணவர்களிடம் நூறு படிவங்களை நிரப்பி வாங்கி விழுக்காடு போட்ட கட்டுரை ஆகியவை எங்களுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டால், பிற்பாடு பாதி வருத்தங்கள் தவிர்க்கப்படும்.

இத்துறையில் முன்னே நடந்தவர்களையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-ல் வெளிவரத் தொடங்கிய பப்ளிக்-ஆக்சஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் ரெவ்யூ, வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பே மின்னஞ்சல் வழியாக இலவசமாகப் படிக்கக் கிடைத்த இதழ். டி-லிப் மேகசின் 1995-லும், பிரிட்டனின் அரியாட்னி 1996-லும் தொடங்கின. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு ஒன்று 1968 முதல் வேறு பெயரில் நடத்திவந்த அச்சிதழே இன்று இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி அண்ட் லைப்ரரிஸ் என்ற பெயரில் 2012 முதல் முழுமையாகத் திறந்த அணுகலில், அதாவது யாரும் காசின்றிப் படிக்கும்படி, வருகிறது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வாசகருக்காக எழுதப்பட்டவை. உங்கள் இதழ் இவற்றில் எதைப் போல இருக்காது என்பதைக் குழுவினர் ஆளுக்கு இரண்டு வரி சொல்ல முடிந்தால் தொடங்கலாம்.

இந்தியாவில் தொடங்குபவர்கள் ஒன்றை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். கட்டுரை அனுப்புவோரில் சிலர் முதல் மின்னஞ்சலிலேயே இதழ் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றும் சான்றிதழ் தருவீர்களா என்றும் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்த தன் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்ட பின்னும் அந்தக் கேள்வி நிற்கப் போவதில்லை. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை தேவைப்படும்வரை அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நேர்மையான பதில் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்.

ஆட்களும் வாக்கும்

கோட்4லிப் ஜர்னலில் நிலையான தலைமை ஆசிரியர் கிடையாது. ஓர் ஆசிரியர் குழு இருக்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் குழுவில் ஒருவர் ஒருங்கிணைப்பாசிரியராகப் பொறுப்பேற்று, அந்த இதழ் வெளியானதும் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். முன்மொழிவுகளைக் குழு முழுவதும் படித்து வாக்களிக்கிறது. ஏற்கப்பட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் ஆசிரியரும் இரண்டாவதாகப் படிக்க இன்னொருவரும் ஒதுக்கப்படுகிறார்கள். பெயர் மறைத்து வெளியாருக்கு அனுப்பும் மதிப்பாய்வு முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரையாளருக்கும் ஆசிரியருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். இருவரும் சேர்ந்தே கட்டுரையைச் செப்பம் செய்கிறார்கள்.

பெயர் மறைத்த மதிப்பாய்வே தரத்துக்கு அடையாளம் என்று நம்புபவர்களுக்கு இது குறையாகப் படலாம். என் கணக்கில், சிறிய துறைக்கு இதுவே பொருத்தம். ஒரு குறிப்பிட்ட களஞ்சிய மென்பொருளில் குறிப்பிட்ட செருகுநிரலை எழுதியவர் யார் என்பது கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். மறைப்பது வெறும் சடங்காகிவிடும். மேலும், வெளி மதிப்பாய்வாளர்களைத் தேடி, நினைவூட்டி, மன்றாடி, கிடைத்த முரண்பட்ட கருத்துகளைச் சமரசம் செய்வதில் போகும் மாலைப் பொழுதுகளைக் கட்டுரையோடு உட்காருவதில் செலவழித்தால் பலன் அதிகம். ஆனால் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்களோ அதை இதழின் பக்கத்தில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். ஆசிரியர் குழு மதிப்பாய்வு செய்யும் இதழ் தன்னைப் பெயர் மறைத்த மதிப்பாய்வு இதழ் என்று சொல்லிக்கொள்வது பொய்.

குழுவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். ஐந்து பேருக்குக் கீழே போனால், ஒருவர் வீட்டில் கல்யாணமோ காய்ச்சலோ வந்தால் அந்த இதழ் நின்றுவிடும். பதினைந்தைத் தாண்டினால் வேறு யாராவது படித்திருப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். எல்லோரும் நிரலாளர்களாக இருக்கத் தேவையில்லை. பட்டியலாக்கம் தெரிந்த ஒருவர், பொது நூலகத்தில் வாசகர் முன் நிற்கும் ஒருவர், மொழியைச் செதுக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால்தான் நிரலாளர்கள் தங்களுக்கு மட்டுமே புரியும்படி எழுதுவது அடங்கும். சேரும்போதே இரண்டு ஆண்டு என்று கால வரம்பு வையுங்கள். அது முடிந்ததும் விலகுவது விலகலாகத் தோன்றாது, முறைப்படி விடைபெறுவதாக இருக்கும்.

வாக்குக்கு ஏழு நாள் கெடு கொடுத்து, அதற்குள் பதில் சொல்லாதவர் பெரும்பான்மை முடிவை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாம் என்று எழுதி வைக்கவும். ஆசிரியர்களில் ஒருவரே கட்டுரை அனுப்பினால் அதைப் பற்றிய பேச்சிலிருந்தும் வாக்கிலிருந்தும் அவர் விலகி நிற்க வேண்டும். அவரோடு ஒரே நூலகத்தில் வேலை செய்யும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். இன்னொரு விதியையும் வற்புறுத்திச் சொல்வேன்: இதழைத் தொடங்கியவர் மூன்றாவது இதழை ஒருங்கிணைக்கக் கூடாது. அவர் இல்லாமல் ஒரு முறை இதழ் வெளிவந்தால்தான், எழுதி வைக்கப்படாத வேலைகள் எவையெவை என்பது வெளிச்சத்துக்கு வரும்.

நாள்காட்டி

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிப்ரவரி 10 அன்று இதழ் வர வேண்டுமானால், பதினான்கு வாரம் முன்பு, அதாவது நவம்பர் 4 அன்று, முன்மொழிவுகளுக்கான கடைசி நாள். முன்மொழிவு என்பது 500 சொற்களுக்கு மிகாத சுருக்கம். முழுக் கட்டுரையை எழுதச் சொல்லிவிட்டு நிராகரிப்பது எழுதியவருக்கும் படித்தவருக்கும் வீண் உழைப்பு. நவம்பர் நடுவில் முடிவைத் தெரிவித்து, டிசம்பர் 10-க்குள் முதல் வரைவைப் பெற்று, ஆசிரியர் தம் குறிப்புகளை ஆண்டு முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். திருத்திய வரைவு ஜனவரி 8-க்குள் வந்தால் பொங்கல் விடுமுறையை யாரும் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜனவரி 20-க்குள் இரண்டாம் ஆசிரியர் படித்து முடித்து, குழு இறுதி வாக்களித்ததும், மீதி மூன்று வாரம் பக்கங்களை ஏற்றுவதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும்.

ஏற்றுக்கொண்ட முன்மொழிவுகளில் சில எப்படியும் உதிர்ந்துவிடும். வேலை மாறிப் போகிறவர்கள், மேலதிகாரி அனுமதி தராதவர்கள், திட்டமே நின்றுபோனவர்கள் என்று காரணங்கள் பல. ஆறு கட்டுரை வேண்டுமென்றால் ஒன்பதை ஏற்கலாம். தாமதமாகும் கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளுவதற்குத் தயங்கக் கூடாது. ஒரு கட்டுரைக்காக ஐந்து கட்டுரையாளர்களைக் காக்க வைப்பது முறையல்ல.

ஆண்டுக்கு நான்கு என்று அறிவித்துவிட்டு அதைக் கட்டிக் காப்பது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கோட்4லிப் ஜர்னல் தன் ஐம்பதாவது இதழை 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் காலாண்டுக் கணக்குப்படி வந்திருக்க வேண்டியதைவிட அது மூன்று நான்கு இதழ்தான் குறைவு. சம்பளமில்லாத கூட்டத்துக்கு அது பெரிய சாதனை. நீங்கள் ஆண்டுக்கு இரண்டு என்று அறிவித்துத் தொடங்குங்கள். இரண்டை மூன்றாக உயர்த்தினால் வாழ்த்துவார்கள். நான்கை மூன்றாகக் குறைத்தால் இதழ் படுத்துவிட்டது என்பார்கள்.

கட்டுரையோடு உட்காருவது

இதழின் உயிர் இந்த வேலையில் இருக்கிறது. மற்றவை எல்லாம் இதற்கு நேரம் கிடைப்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடுகள்.

நூலகத்தில் தொழில்நுட்ப வேலை செய்பவர்களில் பலருக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் எழுதத் தகுந்த அனுபவம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தமிழ் நூல் பட்டியலில் ஒரே எழுத்தாளர் 'மு. வரதராசன்', 'வரதராசன், மு.', 'வரதராசனார், மு.', 'மு.வ.' என்று நான்கு விதமாகப் பதிவாகியிருக்கிறார். இவற்றை அடையாளம் கண்டு ஒன்றாக்கும் நிரலை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அனுப்பும் வரைவு அநேகமாக இப்படித்தான் தொடங்கும்: 'இன்றைய தகவல் யுகத்தில் நூலகங்களின் பங்கு அளப்பரியது.' அடுத்த இரண்டு பக்கம் நூலகத்தின் வரலாறாக இருக்கும். நான்கு விதப் பெயர் என்ற அருமையான செய்தி ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியமாக ஒளிந்திருக்கும்.

ஆசிரியர் செய்ய வேண்டியது அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து, 'கட்டுரை இங்கிருந்து தொடங்கட்டும்' என்று எழுதுவது. பிறகு வரிசையாகக் கேள்விகள்: மொத்தம் எத்தனை பதிவுகளில் இந்தச் சிக்கல் இருந்தது? நூல் விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் குறிக்கும் மார்க் பதிவின் எந்தப் புலத்தை நிரல் படித்தது? ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு வேறு எழுத்தாளர்களை அது தவறாக இணைத்ததா, இணைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஓட்டுவதற்கு முன் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருந்தீர்களா? இன்று மறுபடி செய்வதானால் எதை மாற்றிச் செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல கட்டுரைகளில் மிகச் சிறந்த பத்தியாக அமைந்துவிடும். தோல்வியை எழுத மனிதர்கள் கூச்சப்படுகிறார்கள். இன்னொரு நூலகத்துக்கு அதுதான் அதிகம் உதவும் என்று எடுத்துச் சொல்லி எழுத வைப்பது ஆசிரியரின் கடமை.

குறிப்புகளை எழுதும் தொனியிலும் கவனம் வேண்டும். 'தெளிவில்லை' என்று ஓரத்தில் எழுதினால் கட்டுரையாளருக்கு எதைத் தெளிவாக்குவது என்று தெரியாது. 'இந்த இடத்தில் சேவையகத்தில் நிரல் ஓடுகிறதா, பணியாளரின் கணினியிலா என்று எனக்குப் புரியவில்லை' என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். ஒரு வரைவுக்கு முப்பது குறிப்புகளுக்கு மேல் போனால், அவற்றை அனுப்பாமல் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அவற்றைச் சுட்டிக்காட்டிக் கட்டுரையாளரின் மனத்தை நோகடிக்க வேண்டாம்.

நிரலை ஓட்டிப் பார்க்காமல் வெளியிடக் கூடாது. முழுத் திட்டத்தையும் நிறுவிப் பார்க்க நேரம் இருக்காது, உண்மைதான். கட்டுரையில் அச்சிடப்படும் துண்டுகளையாவது ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அவற்றில் கடவுச்சொல்லோ, சேவைக்கான ரகசியத் திறவுகோலோ, உள்வலையமைப்பின் முகவரியோ தப்பித் தவறி இருக்கிறதா என்று தேடவும். படங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. புத்தகம் எடுத்தல், திரும்ப ஒப்படைத்தல் பகுதியின் ஸ்கிரீன்ஷாட்டில் வாசகர் ஒருவரின் பெயரும் உறுப்பினர் எண்ணும் அவர் எடுத்துப்போன நூலின் தலைப்பும் தெரிந்தால், அது நூலகம் காக்க வேண்டிய ரகசியத்தை உலகத்துக்கே அறிவிப்பதாகும். ஒவ்வொரு படத்தையும் முந்நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். வேர்டு கோப்பில் படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கக் கூடும் என்பதால், படங்களைத் தனிக் கோப்புகளாகவே கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

பக்கத்தை ஏற்றுவது

மென்பொருளில் இரண்டு வழிகள் உள்ளன. கோட்4லிப் ஜர்னல், வலைத்தளம் நடத்துவதற்கான பொது மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான இதழ்கள் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. கனடாவில் 1998-ல் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் அதை உருவாக்கி, இலவசமாகத் தருகிறது. கட்டுரையைப் பெறுவது முதல் வெளியிடுவது வரை ஒவ்வொரு படியையும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் தாங்கிக்கொள்ளும். கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர் போன்ற விவரங்களான மேனிலைத் தரவைப் பிற தளங்கள் அறுவடை செய்வதற்கான வசதியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் போலிப் பயனர்கள் நூற்றுக்கணக்கில் பதிந்துகொள்வார்கள். அதைவிட மோசமானவர்களும் வருவார்கள். உங்கள் குழுவில் சேவையகப் பராமரிப்பு தெரிந்தவர் ஒருவர் மட்டும்தான் என்றால் வேர்ட்பிரஸே போதும். குழுவினருக்கு எது கைவசமோ அதுவே சரியான மென்பொருள்.

கட்டுரைகளைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் வெளியிடும் வழக்கத்தைக் கைவிடலாம். எச்டிஎம்எல் பக்கமாக இருந்தால் கைபேசியில் படிக்கலாம், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிக்கும், நிரலை நகலெடுக்கலாம். தமிழில் வெளியிடுவோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல பிடிஎஃப் கோப்புகளிலிருந்து 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளை நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி வரும். தேடுபொறிக்கும் அந்தச் சிதறல்தான் கிடைக்கும்.

வேர்ட்பிரஸைத் தேர்ந்தவர்கள் ஒரு தொல்லையை அறிந்திருக்க வேண்டும். அது உரையில் உள்ள நேரான மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைந்த குறிகளாக மாற்றிக் காட்டும். அடுத்தடுத்து இட்ட இரண்டு சிறு கோடுகளை ஒரே நீண்ட கோடாக்கிவிடும். உரைநடைக்கு இது அழகு, நிரலுக்கு நஞ்சு. வாசகர் அந்த வரியை நகலெடுத்து, கணினிக்குக் கட்டளை இடும் முனையத்தில் ஒட்டினால் பிழைச் செய்தி வரும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. நிரல் துண்டுகளை அதற்குரிய குறிச்சொற்களுக்குள் வைத்தால் வேர்ட்பிரஸ் அவற்றைத் தொடாது. கட்டுரையாளர் வேர்டில் தட்டச்சு செய்யும்போதே குறிகள் வளைந்துவிட்டிருந்தால் அதுவும் உதவாது. ஆகவே நிரலை எளிய உரைக் கோப்பாகத் தனியே கேட்டு வாங்குங்கள்.

உரிமமும் எண்ணும்

திறந்த அணுகலை வரையறுத்த புடாபெஸ்ட் அறிக்கை 2002 பிப்ரவரி 14 அன்று வெளியானதிலிருந்து, திறந்த அணுகல் என்பது இலவசமாகப் படிப்பதோடு நிற்காமல், நகலெடுக்கவும் பகிரவும் பயன்படுத்தவும் சட்டப்படி அனுமதிப்பதையும் உள்ளடக்கியதாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆகவே உரிமம் இல்லாத இலவச இதழ் முழுமையான திறந்த அணுகல் இதழ் ஆகாது. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை எடுத்துக்கொண்டு, பதிப்புரிமை கட்டுரையாளரிடமே இருக்கும் என்று அறிவியுங்கள். கோட்4லிப் ஜர்னலும் அந்த வகை உரிமத்தையே பயன்படுத்துகிறது. நிரலுக்கு அது பொருந்தாது. மென்பொருளுக்குத் தம் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் போன்ற உரிமங்களில் ஒன்றை நிரலுக்குத் தனியே குறிக்கும்படி கட்டுரையாளரிடம் கேளுங்கள்.

இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணை இந்தியாவில் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. தேசிய மையம் இல்லாத நாட்டினர் பாரிஸில் உள்ள பன்னாட்டு மையத்தை அணுக வேண்டும். கிடைத்த எண்ணைப் பக்கத்தில் ஏற்றும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாப் பட்டியல்களிலும் அந்தப் பிழை பரவும். சரிபார்ப்பது எளிது. கோட்4லிப் ஜர்னலின் எண் 1940-5758. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 146 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. 11-லிருந்து 3-ஐக் கழித்தால் 8, அதுவே எட்டாம் இலக்கம். கழித்து வருவது 10 என்றால் எக்ஸ் என்ற எழுத்தை இடுவார்கள். மீதியே இல்லையென்றால் சுழி.

அடுத்து டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ்களின் அடைவு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-ல் தொடங்கிய அது, விண்ணப்பத்துக்குக் காசு கேட்பதில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிவந்திருக்க வேண்டும் அல்லது பத்துக் கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரை வேண்டும். ஆசிரியர்களின் பெயரும் அவர்கள் பணிபுரியும் நிறுவனமும் தளத்தில் இருக்க வேண்டும். உரிமமும் மதிப்பாய்வு முறையும் கட்டணமில்லை என்ற செய்தியும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே இவற்றை ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் விண்ணப்பம் ஒரு மாலை வேலை.

கடவுச்சொல், களஞ்சியம், கடைசி இதழ்

நான் உதவிய ஓர் இதழில், தளத்தின் இணைய முகவரிக்கான பெயர்ப் பதிவு, குழுவை விட்டுப் போய் இரண்டு ஆண்டான ஒருவரின் கடன் அட்டையில் இருந்தது. அட்டை காலாவதியானது, நினைவூட்டல்கள் அவர் பார்ப்பதை நிறுத்திவிட்ட மின்னஞ்சலுக்குப் போயின, ஒரு திங்கட்கிழமை காலை இதழே காணவில்லை. அவரைத் தேடிப் பிடித்து மீட்க ஒன்பது நாளாயிற்று. அன்றிலிருந்து நான் சேரும் எந்தக் குழுவிலும் முதலில் கேட்பது இதைத்தான்: பெயர்ப் பதிவு யார் பெயரில், எந்த நாளில் முடிகிறது, கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? குறைந்தது மூன்று பேர் என்பதே ஏற்கக்கூடிய விடை. பணத்தைப் பொறுத்தவரை, பெயர்ப் பதிவும் சேவையக வாடகையும்தான் கட்டாயச் செலவு. ஒரு பல்கலைக்கழக நூலகமோ சங்கமோ இடம் கொடுத்தால் அதுவும் குறையும். அப்படி இடம் வாங்கும்போது, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை இதழுக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2000-க்கும் 2019-க்கும் இடையில் 174 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோனதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நடத்தும் இதழுக்கு அந்த நிலை வந்தால் வெட்கக்கேடு. ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸில் ஓடும் இதழ்களுக்கு, ஸ்டான்போர்டில் உருவான லாக்ஸ் தொழில்நுட்பத்தில் இயங்கும் பாதுகாப்பு வலையமைப்பு ஒன்று கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேர்ட்பிரஸில் ஓடுபவர்கள் ஒவ்வோர் இதழும் வந்தவுடன் எல்லாப் பக்கங்களையும், இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பதிந்து, முழுத் தொகுப்பையும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் படியெடுத்து வைக்கவும். கட்டுரையில் சுட்டப்படும் நிரலும் தரவும் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள கட்டுரையாளரின் கணக்கில் மட்டும் இருந்தால், அவர் கணக்கை மூடியதும் கட்டுரை ஊனமாகிவிடும். வெளியீட்டு நாளன்றே அவற்றின் படியை இதழின் இடத்திலும் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

நிறுத்துவதற்கும் திட்டம் வேண்டும். டி-லிப் மேகசின் இருபத்திரண்டு ஆண்டுகள் வெளிவந்து, 2017 ஜூலையில் கடைசி இதழ் இதுதான் என்று சொல்லிவிட்டே நின்றது; பழைய இதழ்கள் படிக்கக் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. தொடர்ந்து இரண்டு இதழ்களுக்கு ஒருங்கிணைப்பாசிரியர் கிடைக்காவிட்டால் நிறுத்துவதைப் பற்றிக் குழு கூடிப் பேசும் என்று தொடக்க விதிகளிலேயே எழுதிவிடலாம். அந்த நாள் வந்தால், கையில் உள்ள கட்டுரைகளை வெளியிட்டோ திருப்பி அனுப்பியோ முடித்து, புதிய கட்டுரை பெறும் படிவத்தை மூடி, டிஓஏஜே-க்கும் ஐஎஸ்எஸ்என் மையத்துக்கும் கடைசி இதழின் நாளைத் தெரிவித்து, தளத்தை வேர்ட்பிரஸிலிருந்து வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, பெயர்ப் பதிவுக்குப் பத்தாண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.